போடுவதற்கு மூன்று நொடி, எடுப்பதற்கு மூன்று நாள்: ஒரு கேசினோ ஆப்போடு ஐந்து வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் ஸ்லவ் ஊரில் இருக்கும் நண்பன் போன் செய்தான். "மச்சி, கேசினோ போனஸை எடுக்க இத்தனை மடங்கு விளையாடணும்ங்கிற கண்டிஷனை எல்லாம் 10 மடங்காக் குறைச்சுட்டாங்களாமே, இப்ப சேர்ந்தா லாபம்தானே? நீதான் ரொம்ப நாளா வச்சிருக்க, சொல்லு" என்றான். போனிலேயே சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஆகியும் முடியவில்லை, அவன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டதால் வைத்துவிட்டான். மீதியை இங்கே எழுதுகிறேன், அவனைப் போலக் கேட்பவர்கள் இன்னும் இருப்பார்கள்.

நான் பயன்படுத்துவது ஒரே ஒரு ஆப். பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் உள்ள நிறுவனம். குறை சொல்லப் போவதால் பெயர் வேண்டாம், நான் சொல்லும் குறை இந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதும் இல்லை. 2020 நவம்பரில் இங்கிலாந்தில் இரண்டாவது லாக்டவுன் போட்டபோது ரெடிங்கில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன், அப்போது பிடித்த பழக்கம். வெள்ளிக்கிழமை ராத்திரி கொஞ்சம் ரூலெட், கொஞ்சம் ஸ்லாட் (பட்டனைத் தட்டினால் படங்கள் சுற்றி நிற்கும் விளையாட்டு), மாதத்துக்கு 40 பவுண்டு லிமிட். இதுவரை போட்டதையும் எடுத்ததையும் கழித்துப் பார்த்தால் 1,130 பவுண்டு நஷ்டம். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் சரி, ஏனென்றால் லாபமா என்றுதான் அவன் கேட்டான். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் 2022ஆம் வருடச் சட்டமே ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. நான் சொல்வது முழுக்க பிரிட்டன் உரிமம், பிரிட்டன் வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்டது.

பணம் போடுவதில் ஒரு குறையும் கிடையாது. ஆப்பிள் பேயில் முகத்தைக் காட்டி பக்கவாட்டு பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் மூன்று நொடியில் 20 பவுண்டு உள்ளே போய்விடும். டெபிட் கார்டும் அப்படித்தான், பேபாலும் அப்படித்தான். கிரெடிட் கார்டு மட்டும் நடக்காது, 2020 ஏப்ரல் 14 முதல் தடை. கிரெடிட் கார்டில் இருந்து வாலட்டில் ஏற்றி அதை இங்கே கொண்டுவரும் குறுக்கு வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டார்கள். அது எவ்வளவு நல்ல காரியம் என்பது கடன் வாங்கிச் சூதாடிய யாரையாவது பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். போன் பில்லில் சேர்த்துக் கட்டும் வழி ஒன்றும் உண்டு, ஒரு நாளைக்கு 30 பவுண்டு வரைதான். ஒரே ஒரு தடவை 10 பவுண்டு அப்படிப் போட்டேன். ஜெயித்தால் அந்த வழியாகப் பணம் திரும்பி வராது, வேறு கார்டு கொடுத்து அதற்கு வேறு சரிபார்ப்பு. அதைத் தொடாதீர்கள்.

எடுப்பதுதான் பிரச்சினை. ஐந்து வருடமாக என் வயிற்றெரிச்சல் எல்லாம் பெண்டிங் என்ற ஒரே வார்த்தை மேல்தான்.

போன மாதம் வெள்ளிக்கிழமை ராத்திரி 9:40க்கு 140 பவுண்டு எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஆரஞ்சு நிறத்தில் பெண்டிங். சனிக்கிழமை பெண்டிங். ஞாயிற்றுக்கிழமை பெண்டிங். திங்கள் மத்தியானம் 12 மணிக்கு மேல் 'அனுப்பப்பட்டது' என்று மாறியது, பத்தாவது நிமிடம் வங்கி ஆப்பில் 140 பவுண்டு வந்துவிட்டது. அதாவது பணம் பயணம் செய்தது பத்து நிமிடம், அவர்கள் அதன் மேல் உட்கார்ந்திருந்தது அறுபத்திரண்டு மணி நேரம். வார இறுதியில் வங்கி வேலை செய்யாது என்று சாட் உதவியில் இருந்தவர் சொன்னார். பிரிட்டனில் வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் ஃபாஸ்டர் பேமெண்ட்ஸ் முறை 2008இல் இருந்து இருக்கிறது, ராத்திரி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் என்று எதுவும் பார்க்காமல் ஓடுகிறது. வீட்டு வாடகையை நான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் அனுப்புகிறேன், அந்த நொடியே போகிறது. அதைச் சொன்னதும் பாதுகாப்புப் பரிசோதனை என்றார். 2019 மே மாதத்தில் இருந்து வயதையும் அடையாளத்தையும் விளையாட விடுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும் என்பது விதி, என் பாஸ்போர்ட் படத்தை முதல் நாளே கொடுத்துவிட்டேன், அப்புறம் எதைப் பரிசோதிக்கிறார்கள்?

இந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை கோபமா என்று கேட்கலாம். காரணம் 2020 டிசம்பரில் நடந்தது. அப்போது பெண்டிங்குக்குப் பக்கத்திலேயே 'ரத்து செய்' என்று ஒரு பட்டன் இருக்கும். எடுக்கச் சொன்ன பணத்தை ஒரே தட்டில் திரும்ப விளையாட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடலாம். 90 பவுண்டு ஜெயித்து, எடுக்கச் சொல்லிவிட்டு, தூங்கப் போய், தூக்கம் வராமல் ஒரு மணிக்கு எழுந்து பார்த்தேன். பணம் இன்னும் அங்கேயேதான் இருந்தது. 20ஐ மட்டும் திரும்ப எடுப்போம் என்று நினைத்தேன், விடிவதற்குள் 90ம் போய்விட்டது. அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டியதில் அது ஒரு பகுதி. பெண்டிங் என்பது எதற்காக என்று அன்றைக்கு எனக்கு முழுசாகப் புரிந்தது. கணக்கை விட்டு வெளியே போகாத பணம், கை எட்டும் தூரத்தில் இருக்கும் பணம், அதைத்தான் அவர்கள் நீட்டி நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

2021 அக்டோபர் 31 முதல் அந்த ரத்து பட்டனை ஆணையம் தடை செய்துவிட்டது. அதே தேதியில் ஸ்லாட்டில் தானாகச் சுற்றும் வசதியையும் எடுத்தார்கள், ஒரு சுற்றுக்குக் குறைந்தது 2.5 வினாடி ஆக வேண்டும் என்றார்கள். 1 பவுண்டு பந்தயம் கட்டி 40 பென்ஸ் திரும்பி வந்ததற்கு மேளதாளம், வாணவேடிக்கை காட்டி ஜெயித்த மாதிரி நம்ப வைக்கிற வித்தையும் போனது. உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட வேண்டிய விதிகள். ஆனால் பட்டன் போயும் பெண்டிங் போகவில்லை. ரத்து செய்ய முடியாத பணத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதே ஊரில் அதே உரிமத்தோடு சில நிறுவனங்கள் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிடுகின்றன என்று என்னோடு வேலை செய்பவர்கள் காட்டியிருக்கிறார்கள், ஆக முடியாத காரியமும் இல்லை.

2024இல் வங்கியை மாற்றியபோது இது இன்னும் மோசமானது. எந்த வழியில் பணம் போட்டோமோ அதே வழியில்தான் திருப்பி அனுப்புவார்கள், பணம் வெளுக்கும் வேலையைத் தடுக்க அது அவசியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய கார்டு மூடிய கணக்கினுடையது. புதிய கணக்கின் ஸ்டேட்மெண்ட் கேட்டார்கள், கொடுத்தேன். பழைய கார்டின் படம் கேட்டார்கள், நடு எண்களை மறைத்து எடுத்துக் கொடுத்தேன். படம் மங்கல் என்று திருப்பிவிட்டார்கள், மறுபடி கொடுத்தேன். அப்புறம் பழைய வங்கியிடம் கணக்கு மூடிய கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள். ஒன்பது நாள், 75 பவுண்டுக்கு. கடைசியில் முறைப்படி புகார் என்று தலைப்பு போட்டு எழுதினேன், எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் வெளியே இருக்கும் தீர்ப்பு அமைப்புக்குக் காசு கொடுக்காமல் கொண்டுபோகலாம் என்ற விதியையும் அதில் குறிப்பிட்டேன். மறுநாள் பணம் வந்தது. அந்த ஒன்பது நாளும் புதிய கார்டில் பணம் போடுவதற்கு மட்டும் யாரும் எந்தக் கடிதமும் கேட்கவில்லை.

சரி, நண்பன் கேட்ட போனஸுக்கு வருகிறேன்.

பழைய போனஸ் இப்படி இருக்கும்: 50 பவுண்டு போட்டால் 50 இலவசம், ஆனால் அதை 35 மடங்கு விளையாடிய பிறகுதான் எடுக்கலாம். 35 மடங்கு என்றால் 1,750 பவுண்டுக்குப் பந்தயம். ஸ்லாட்டில் திருப்பித் தரும் விகிதம் 96 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 100க்கு 4 போகும், 1,750க்கு சராசரியாக 70 போகும். 50 பவுண்டு கொடுத்து 70 பவுண்டு வாங்கிக்கொள்வதற்கு இலவசம் என்று பெயர். ரூலெட்டில் நிறுவனத்துக்குப் போவது 2.7 சதவீதம்தானே, அதில் முடித்துவிடலாம் என்று நான் நினைத்தேன். ரூலெட்டில் கட்டியதில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் வரும் என்று உள்ளே எங்கோ எழுதியிருந்தது. ஒரு தடவை போனஸ் ஓடும்போது தெரியாமல் 6 பவுண்டுக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டேன், அதிகபட்சம் 5 என்று விதியாம், வந்த 83 பவுண்டும் செல்லாது என்றார்கள். 5க்கு மேல் போக முடியாதபடி ஆப்பிலேயே தடுத்திருக்கலாம் அல்லவா? தடுக்கவில்லை. கட்ட விட்டுவிட்டு, ஜெயித்த பிறகு விதியைக் காட்டினார்கள். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

2026 ஜனவரி 19 முதல் 10 மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. ஸ்லாட்டும் விளையாட்டுப் பந்தயமும் இரண்டும் ஆடினால்தான் போனஸ் என்று கட்டிப்போடும் கலவைச் சலுகைகளும் கூடாது. இது பெரிய மாற்றம், சந்தேகமே இல்லை. முதல் முறையாகக் கணக்கு நம் பக்கம் சாய்கிறது. 20 பவுண்டு போனஸுக்கு 200 பவுண்டு பந்தயம், சராசரி இழப்பு 8, மிச்சம் 12. ஆனால் ஒரே ஸ்லாட்டை வெவ்வேறு விகிதத்தில் வைத்துக்கொள்ள நிறுவனங்களால் முடியும், 94 சதவீதப் பதிப்பாக இருந்தால் அதே 200க்கு 12 போய், மிச்சம் 8தான். விளையாட்டுக்குள் இருக்கும் தகவல் பக்கத்தைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டு ஆடுங்கள். என் ஆப்பில் 50 பவுண்டு போனஸ் இருந்த இடத்தில் இப்போது 20தான் இருக்கிறது. 2026 ஏப்ரலில் இருந்து ஆன்லைன் கேசினோ மீதான வரி 21க்குப் பதில் 40 சதவீதம் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், ஜெயித்த பணத்துக்கு நமக்கு வரி இல்லை, அவர்களுக்குத்தான். அந்தச் சுமையை எங்கே இறக்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 10 மடங்கு விதி வந்த பிறகு 200 சதவீத போனஸ், கிரெடிட் கார்டும் வாங்குவோம் என்று செய்தி அனுப்பும் தளங்கள் கண்ணில் படுகின்றன. கிரெடிட் கார்டு வாங்குகிறார்கள் என்றாலே பிரிட்டன் உரிமம் இல்லை என்று அர்த்தம். அங்கே பணம் மாட்டினால் புகார் கொடுக்க ஆள் கிடையாது. தளத்தின் அடியில் உரிம எண் இருக்கும், ஆணையத்தின் பதிவேட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

எதிர்பாராமல் கிடைத்த நல்ல விஷயம் கேசினோ ஆப்பில் இல்லை, வங்கி ஆப்பில் இருந்தது. மோன்சோ வங்கியில் சூதாட்டத் தடை என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, 2018இலேயே கொண்டுவந்தார்கள். போட்டுவிட்டால் சூதாட்ட நிறுவனத்துக்குப் போகும் கார்டு பணம் அத்தனையும் நிராகரிக்கப்படும், அந்தத் தடையை நீக்க நினைத்தால் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 2024இல் அந்த வங்கிக்கு மாறியபோது சும்மா போட்டுப் பார்த்தேன். அன்று ராத்திரி ஒரு மணிக்கு வழக்கம்போல் கை போனது, மூன்று நொடியில் நிராகரிப்பு வந்தது, திரும்பப் படுத்துத் தூங்கிவிட்டேன். அவ்வளவு நிம்மதியான தூக்கம். இப்போது மாதத்தில் மூன்று வாரம் அது போட்டபடியேதான் இருக்கிறது. என்னோடு ஷிப்டில் இருக்கும் ஒருவர், சூதாட்டத் தளங்களில் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் கேம்ஸ்டாப் பதிவேட்டில் ஐந்து வருடத்துக்குப் பதிந்துவிட்டார், உரிமம் உள்ள அத்தனை ஆன்லைன் நிறுவனங்களும் அவருக்கு மூடிவிட்டன, நடுவில் திறக்கச் சொன்னாலும் திறக்க மாட்டார்கள். இப்போது அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தொடுவதே இல்லை, எங்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்.

ஆக, ஆப் வேகமாக இருக்கிறது, ஐந்து வருடத்தில் ஒரு தடவை கூடப் பாதியில் நின்றதில்லை. விதிகள் ஒவ்வொரு வருடமும் நல்லதாகத்தான் மாறியிருக்கின்றன, 2025இல் ஸ்லாட்டுக்கு ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு, 25 வயதுக்குக் கீழே 2 பவுண்டு என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. போனஸும் முன்பைவிட யோக்கியமாக இருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பனுக்கு நான் அனுப்பிய பதில்: சேராதே. 12 பவுண்டு வரும் என்று கணக்குப் போட்டு உள்ளே வருகிறவன் 12 பவுண்டோடு வெளியே போவதில்லை, நானும் போகவில்லை.

இது என் இன்றைய மனநிலை என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை ராத்திரி 61 பவுண்டு எடுக்கச் சொல்லியிருந்தேன், இன்று சனிக்கிழமை சாயங்காலம், இன்னும் பெண்டிங். ஆப்பை நான் நீக்கவில்லை. மாத லிமிட்டை 40இல் இருந்து 10க்கு இறக்கினேன், அது உடனே அமலுக்கு வந்துவிட்டது. 61 வந்து சேர்ந்ததும் தகவல் சொல்கிறேன்.