மூன்று வருடமாக எங்கள் வீட்டு பில்களைக் காப்பாற்றி வரும் ஒரு சி.ஆர். கொப்பி

2022 நவம்பரில் ஒரு நாள் பின்னேரம் வீட்டில் கரண்ட் போனது. தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலம் என்பதால் அம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் வேலையால் வர ஆறரை, அப்போதும் வரவில்லை, மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டு எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஏழரை மணிபோல அம்மா பல்கனியால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, மேல் வீட்டு அன்ரி ரீவி பார்க்கிறா. எங்களுக்கு மட்டும்தான் இல்லை போல" என்றார். டோர்ச்சோடு கீழே மீட்டர் பெட்டிக்குப் போய்ப் பார்த்தால், வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காசு இல்லாமல் வெட்டப்பட்டிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும். கணக்கில் காசு இருந்தது. பில் வந்தது, பிறகு சிவப்பு அறிவித்தலும் வந்தது, அது பழைய பேப்பர் கட்டுக்குள் போய்ச் செருப்பு ராக்கைக்குக் கீழே கிடந்தது. பிழை முழுக்க எங்களுடையதுதான். மனைவியைக் கேட்டால் "நீங்கள் கட்டியிருப்பீங்கள் எண்டு நினைச்சன்" என்றாள், நானும் அவளைப் பற்றி அதையேதான் நினைத்திருந்தேன். நிலுவையோடு மீள இணைப்புக் கட்டணமும் கட்டி, அடுத்த நாள் அரை நாள் லீவும் போட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பிடித்த முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2022 டிசம்பரில் தொடங்கியது, இப்போது மூன்று வருடம் தாண்டிவிட்டது. எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பு: நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. கரண்ட், தண்ணி, இன்டர்நெட், இரண்டு போன், ரீவி, மெயின்டனன்ஸ், ஸ்கூட்டருக்கு வருடாவருடம் எடுக்கும் லைசன்ஸ், மாநகர சபை வரி. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திகதியில் வரும். கரண்ட் பில் மீட்டர் பார்க்கிறவர் வரும் நாளைப் பொறுத்தது, போன் பில் மாத ஆரம்பத்தில் குறுஞ்செய்தியாக வரும், மெயின்டனன்ஸ் 10ஆம் திகதிக்கு முன் கட்ட வேண்டும், சம்பளமோ 25. அப்பா இருந்த காலத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. எல்லா பில்லையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு தபாலகத்துக்குப் போய் வரிசையில் நின்று கட்டிவிட்டு வருவார், ஒரே ஆள், ஒரே பை. நாங்கள் மூன்று பெரியவர்களும் மூன்று போனுமாக இருந்து கோட்டை விட்டோம்.

முதலில் சரிவராததைச் சொல்லிவிடுகிறேன். எக்செல் தாள் ஒன்று நிறம் நிறமாகச் செய்தேன், இரண்டு மாதத்தில் செத்தது, ஏனென்றால் அதைத் திறந்து பார்த்தது நான் ஒருவன்தான். பில் நினைவூட்டும் செயலி ஒன்று போட்டேன். அது சரியாகத்தான் அடித்தது, ஆனால் காலி வீதி நெரிசலில் ஸ்கூட்டரில் நிற்கும்போதோ அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போதோ அடித்தால் என்ன செய்வது? விரலால் தள்ளிவிட்டு மறந்துவிடுவோம். சாமான் வாங்கப் போகும் சுப்பர்மார்க்கெட்டில் காசாளரிடமே கொஞ்ச நாள் கட்டிப் பார்த்தேன். வசதிதான், ஆனால் அந்த வழுவழுப்பான தாளில் அடித்துத் தரும் ரிசீட் சில மாதத்தில் வெளுத்துவிடும், கட்டியதற்குச் சாட்சியாக ஒரு வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

இப்போது நடப்பது இதுதான். பில்லுக்கென்று ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு. 25ஆம் திகதி சம்பளம் விழுந்த கையோடு 35,000 ரூபாய், வங்கிக்குக் கொடுத்து வைத்த நிலையான கட்டளையில் தானாக அதற்கு மாறிவிடும். அந்தக் கணக்கின் அட்டை பர்ஸில் இல்லை, அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது, வேண்டுமென்றே. மாதத்தில் இரண்டு நாள், 26ஆம் திகதியும் 10ஆம் திகதியும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசையில் உட்காருவோம். வங்கிச் செயலியில் நான் கட்டுவேன், அம்மா சி.ஆர். கொப்பியில், அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பியில், எழுதுவார். போயா (பௌர்ணமி விடுமுறை) என்றாலும் ஞாயிறு என்றாலும் செயலிக்கு லீவு இல்லை. அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், பிள்ளைகள் தொந்தரவு செய்தால் முக்கால்.

கொப்பியில் ஒரு பில்லுக்கு ஒரு பக்கம். திகதி, யூனிட், தொகை, கட்டிய நாள், பரிவர்த்தனை இலக்கத்தின் கடைசி நான்கு எண். அவ்வளவுதான். இதில் யூனிட் என்ற நிரலைச் சேர்த்தது அம்மா. எனக்கு அது தேவையில்லாத வேலையாகத்தான் பட்டது, இப்போது பார்த்தால் முழுக் கொப்பியிலும் மிகப் பிரயோசனமான நிரல் அதுதான்.

காரணம் கேளுங்கள். கொப்பி தொடங்கி மூன்றாம் மாதமே, 2023 பெப்ரவரியில், மின்கட்டணம் சராசரியாக 66 சதவீதம் ஏறியது. அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் 75 சதவீதம் ஏறியிருந்தது. 110 யூனிட்டுக்கு 3,400 அளவில் வந்துகொண்டிருந்த பில் 6,400ஐத் தொட்டது. வீட்டில் பெரிய வாக்குவாதம். நான் ஏசியைச் சொன்னேன், மனைவி என் பழைய கம்ப்யூட்டரைச் சொன்னாள், அம்மா கொப்பியைத் திறந்து "யூனிட் அதேதான் அப்பன், விலைதான் ஏறியிருக்கு" என்றார். சண்டை அந்த இடத்திலேயே நின்றது. பிறகு 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நாங்கள் சிக்கனமாக இருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது.

யூனிட்டைப் பார்க்கப் பழகியதில் இன்னொரு விஷயமும் புரிந்தது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை, தாண்டினால் வேறு, அதாவது 61ஆவது யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. மேலே போகப் போக நிலையான கட்டணமும் ஏறும். எங்களால் 60க்குள் வர முடியாது, ஆனால் மாமி தனியாக இருக்கிறார், அவருக்கு மாதம் 63, 64 என்று வந்துகொண்டிருந்தது. பழைய பிரிட்ஜை மாற்றியதும் 52க்கு இறங்கியது. மீட்டர் பார்க்கிறவர் மூன்று நாள் பிந்தி வந்தால் மேல் படிக்குத் தள்ளிவிடுவார்கள் என்று எங்கள் மாடியில் ஒரு பயம் உண்டு, நானும் நம்பியிருந்தேன். அப்படி இல்லை, பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், படிகளும் அந்த நாள் கணக்குக்கு ஏற்பத்தான் விரியும்.

தண்ணி பில்லில்தான் நல்ல அடி வாங்கினோம். 2023 நடுப்பகுதியில் எனக்குச் சோம்பல் வந்து, எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் தானாகக் கழிய விட்டுவிட்டேன். மேசையில் உட்காருவதும் நின்றது, கொப்பியும் நின்றது. மூன்று மாதம் கழித்து கார்ட் கூற்றைப் பார்க்கும்போது தண்ணிக்குப் போயிருக்கும் காசு கண்ணில் குத்தியது. வழக்கமாக 14, 15 யூனிட். அந்த மாதம் 31. ஒரு யூனிட் என்றால் ஆயிரம் லீற்றர், ஆக மாதம் பதினாறாயிரம் லீற்றர் எங்கேயோ ஓடியிருக்கிறது! இரவில் எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு மீட்டரைப் பார்த்தோம், சின்னச் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அது அம்மாவின் குளியலறைச் சிஸ்டர்ன். உள்ளே கேக் கலரிங் நாலு துளி விட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் இருபது நிமிடம் காத்திருந்தால் கீழே கோப்பையில் சிவப்பு இறங்கியது. ரப்பர் வாஷர் ஒன்றுதான் பழுது, சில நூறு ரூபாயில் முடிந்த வேலை.

அதிலிருந்து ஒரு பிரிவு வைத்திருக்கிறோம். மீட்டர் இல்லாத பில் தானாகப் போகட்டும்: இன்டர்நெட், ரீவி, மெயின்டனன்ஸ், மாதாமாதம் ஒரே தொகைதானே. மீட்டர் உள்ள பில் இரண்டும், கரண்டும் தண்ணியும், கையால்தான் கட்டுவது. இதைப் படிக்கிறவர்களில் எல்லாவற்றையும் தானியங்கியில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இருக்கலாம், அவர்கள் வீட்டுச் சிஸ்டர்ன் நல்லதாக இருக்கட்டும்.

செயலியில் ஒரு பெரிய மடத்தனமும் செய்தேன், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். கரண்ட் கணக்கிலக்கம் பத்து இலக்கம். போன் மாற்றியபோது புதிதாக அடித்ததில் கடைசிக்கு முதல் எண் தவறிவிட்டது. கணக்கு யாருடையது என்று செயலி எதையும் காட்டவில்லை, 'வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது' என்று பச்சையாகச் சொன்னது, யாரோ ஒரு புண்ணியவானின் பில்லை நான் கட்டிவிட்டேன். அடுத்த பில்லில் நிலுவை காட்டியபோதுதான் தெரிந்தது. கொப்பியில் பரிவர்த்தனை இலக்கம் இருந்ததால் கடிதம் எழுதிக் கொடுக்க முடிந்தது, ஆனால் சரிக்கட்டி வர இரண்டு பில் காலம் எடுத்தது. இப்போது புதிதாக ஒரு கணக்கைச் செயலியில் சேர்த்தால் அம்மா எண் எண்ணாக வாசிக்க நான் திரையில் ஒப்பிட்டுப் பார்த்து ஒரு தடவை சேமிப்பது, பிறகு ஒருபோதும் கையால் அடிப்பதில்லை. பில் வராமல் போனால் சும்மா காத்திருப்பதும் இல்லை. கரண்டுக்கு 1987, தண்ணிக்கு 1939, இரண்டையும் கொப்பியின் அட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கிறோம்.

மாதாந்த பில்லை விட வருடத்துக்கு ஒரு தடவை வருவதுதான் கள்ளன். மாநகர சபை மதிப்பீட்டு வரியை (அம்மா இன்னும் யாழ்ப்பாணப் பழக்கத்தில் சோலைவரி என்றுதான் சொல்லுவார்) ஜனவரி 31க்குள் முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் 10 சதவீதக் கழிவு. காலாண்டாகக் கட்டினால், அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால், 5. 2023இல் நான் பெப்ரவரி 2ஆம் திகதி போய் நின்றேன். இரண்டு நாளில் அந்தப் பத்தும் போனது. பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் சனிக்கிழமை வரிக் கிழமை என்று இப்போது வீட்டில் ஒரு பேர், அதன் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை.

ஸ்கூட்டர் லைசன்ஸை மட்டும் இன்னும் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. ஒன்லைனில் எடுக்கலாம்தான், ஆனால் அதற்கு முதல் புகைப் பரிசோதனை வேண்டும், காப்புறுதி நடப்பில் இருக்க வேண்டும், மூன்றும் மூன்று திகதி. போன வருடமும் நாலு நாள் பிந்தித்தான் எடுத்தேன். மூன்றையும் ஒரே மாதத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன்.

காஸ் சிலிண்டர் பில் இல்லைதான், ஆனாலும் அதற்கும் ஒரு பக்கம் உண்டு. 2022இல் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றவர்களுக்குக் காரணம் விளங்கும். 12.5 கிலோ சிலிண்டர் பூட்டிய திகதியைக் கொப்பியில் எழுதுவோம். எங்களுக்கு 40 நாள் அளவில் வரும், மார்கழியில் பலகாரம் சுடுவதால் 33. ஆக 35ஆம் நாள், மார்கழியில் அதற்கும் முதலே, மாற்றுச் சிலிண்டருக்குச் சொல்லிவிடுகிறோம். சமையல் நடுவில் அடுப்பு அணைந்தது இந்த மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் விருந்தினர் வந்திருந்தபோது. வேறு எப்போது அணையும்?

குறை என்று பார்த்தால், இந்த முறை அம்மாவில் தொங்கிக்கொண்டு நிற்கிறது. போன வருடம் அவருக்குக் கண்புரை சத்திரசிகிச்சை நடந்த மாதத்தில் நான் எழுதிய பக்கத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. மனைவிக்குக் கொப்பியில் இஷ்டம் இல்லை, அவள் பில்லைப் படமெடுத்து எங்கள் மூவருக்குமான வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவாள். அதுவும் நல்லதுதான், வெளுத்துப்போகும் ரிசீட்டுக்கு அது மருந்து. ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய தண்ணி பில்லை அந்தக் குழுவில் தேடிப் பாருங்கள், இடையில் நானூறு குட் மோர்னிங் கிடக்கும்.

போன கிழமை பழைய கொப்பி முடிந்தது. ஸ்டேஷன் வீதிப் பக்கம் உள்ள கடையில் 160 பக்கத்தில் புதிது ஒன்று வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் அம்மா பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே கரண்ட் கணக்கிலக்கத்தின் பத்து எண்ணையும் பெரிதாக எழுதி, கடைசிக்கு முதல் எண்ணைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.