ஊர்க் கிளினிக்கும் நாங்கள் கொண்டுபோகும் மருந்துப் பெட்டியும்

வன்னியிலும் தீவுப்பகுதியிலும் அரச வைத்தியசாலைக் கிளினிக் இன்றும் இலவசம்தான். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் வருத்தக்காரரை மாதாமாதம் கூப்பிட்டு, பார்த்து, ஒரு மாதக் குளிசையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இவ்வளவு சனத்துக்கு இவ்வளவு குறைந்த ஆட்களோடு இதை நடத்துவது லேசான வேலை இல்லை. ஆனால் அந்த ஒழுங்குக்குள்ளே வெளிநாட்டில் இருந்து போகிற நாங்களே ஒரு ஆபத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

முதலில் மருந்து உறையைப் பார்க்க வேண்டும். பெரிய போத்தலில் இருந்து எண்ணிய குளிசைகள் சின்னக் கடதாசி உறையில் வரும். மேலே மருந்தின் பொதுப் பெயர் ஆங்கிலத்தில், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் எத்தனை என்று எழுதியிருக்கும். கொம்பனிப் பெயரை விட்டுப் பொதுப் பெயரில் எழுதுவது மிக நல்ல வழக்கம். வீட்டுக்கு வந்ததும்தான் கோளாறு. அம்மம்மா புதுக் குளிசையைப் பழைய உறைக்குள் கொட்டி வைப்பா. பிரஷர் குளிசையான லொசார்ட்டன் 50 மில்லிகிராம் கையிருப்பில் இல்லாத மாதம் 25 வரும், உறையில் 'காலை 2' என்றிருக்கும். அடுத்த மாதம் 50 வந்து 'காலை 1' என்று எழுதிக் கொடுத்தாலும், கை பழக்கத்தில் இரண்டைத்தான் எடுக்கும். படுக்கையால் எழும்பத் தலைசுற்றி விழுவது இப்படித்தான்.

அடுத்தது எங்கள் சூட்கேஸ். கனடாவில் இருந்து போகும் சீனி வருத்தக் குளிசை டயமிக்ரோன் எம்ஆர் 60 (எம்ஆர் என்றால் மெதுவாக மருந்தை விடும் வகை), கிளினிக் உறையில் உள்ள கிளிக்கிளசைட் 80, இரண்டும் ஒரே மருந்து. எம்ஆர் 30 ஒன்று சாதாரண 80 ஒன்றுக்குச் சமம், ஆகவே எம்ஆர் 60 என்பது 160. 'வெளிநாட்டு மருந்து நல்லது' என்று இரண்டையும் போட்டு, இரவுச் சாப்பாட்டையும் குறைத்தால் சீனி விழும். வயதானவர்களுக்கு வியர்வையும் நடுக்கமும் வராமலே கதை குழம்பி, தட்டினாலும் எழும்பாத நிலை வரலாம். அப்படி மயங்கினவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 1990 அம்புலன்ஸ். சீனி குடித்துத் தெளிந்தவரைக்கூடத் தனியே தூங்க விடக்கூடாது, மருந்து உடம்பில் இருக்கும் வரை சீனி திரும்பவும் இறங்கலாம், சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் நீண்ட நேரம்.

அவுஸ்திரேலியாவில் இருந்து போகும் கவர்சில் என்ற பிரஷர் குளிசையையும் கிளினிக் லொசார்ட்டனையும் சேர்ப்பதும் கூடாது. மருந்து வேறு, வேலை கிட்டத்தட்ட ஒன்று. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். கனடா டைலனோல்தான் எங்கள் பனடோல். பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடாது, மெலிந்த முதியவருக்கு அதுவும் அதிகம். குழந்தைகளுக்கான டைலனோல் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீட்டரில் 80 மில்லிகிராம் இருக்கிறது. ஊரில் கிடைக்கும் பாணியில் 5 மில்லிலீட்டருக்கு 120. பத்துக் கிலோப் பிள்ளைக்கு ஒரு தரத்துக்கு 150 மில்லிகிராம் போதும். பாணிக் கரண்டியால் 5 மில்லிலீட்டர் சொட்டு மருந்தைப் பருக்கினால் 400 போய்விடும்.

மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக் கொண்டுபோவதை அடியோடு நிறுத்த வேண்டும். பிரஷருக்கான எனலாப்ரில் அல்லது லொசார்ட்டனோடு சலம் போகும் குளிசையும் எடுப்பவருக்கு, மூன்றாவதாக இது சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று படுக்கும். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவையும் கூட்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினின் இரத்தச் சோதனை செய்தால் முன்கூட்டியே தெரியும், ஆனால் நெடுந்தீவுக்காரருக்குக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதன் பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். வயதானவர்கள் சோதனையைப் பின்போடுவதில் ஆச்சரியம் இல்லை.

இந்தியாவுக்கு வைத்தியத்துக்குப் போய் வருவோர் இன்சுலின் ஊசியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே மில்லிலீட்டருக்கு 40 அலகு மருந்தும் விற்கிறார்கள், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். அந்தச் சிரிஞ்சில் மில்லிலீட்டருக்கு 100 அலகு உள்ள இன்சுலினை 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 அலகு.

ஊர் போய் இறங்கிய கிழமையே வீட்டில் உள்ள உறை, பெட்டி, பார்மசியில் வாங்கியது, கசாயம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு பாயில் பரப்புங்கள். பொதுப் பெயர், மில்லிகிராம், நேரம், கடைசிக் கிரியட்டினின் எடுத்த திகதி ஆகியவற்றைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாமல் அடுத்த கிளினிக்குக்குப் பையோடு கொண்டுபோங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்தாலோ, ஆள் அடிக்கடி தலைசுற்றி விழுந்தாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். எது தொடர வேண்டும், எது நிற்க வேண்டும் என்று கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். டொக்டர்மார் இதை வரவேற்கிறார்கள், முழுப் பட்டியல் அவர்கள் கைக்குக் கிடைப்பதே அருமை.

அனுப்பத்தான் வேண்டுமென்றால், கிளினிக்கில் இல்லை என்று துண்டு தந்த மருந்தை அதே பெயரில், அதே அளவில், இடைவிடாமல் அனுப்ப முடியுமா என்று பார்த்து அனுப்புங்கள். இரண்டு மாதம் அனுப்பி நிறுத்துவது கூடாது. சீனி பார்க்கும் மெஷினை வெளிநாட்டில் இருந்து கொண்டுபோகாமல் யாழ்ப்பாணத்திலேயே வாங்குங்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் அதற்குரிய ஸ்ட்ரிப் மட்டும்தான் பொருந்தும், கனடா ஸ்ட்ரிப் முடிந்தால் மெஷின் அலுமாரியில்தான்.