சீஃப் கெஸ்ட் கூட்டி வருகிறேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்

போன வாரம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் போன் செய்து, "அண்ணா, உங்க சிம்போசியத்துக்கு கெஸ்ட் ஏற்பாடு செஞ்சவர் நம்பர் கிடைக்குமா?" என்று கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரி. சீனியர் ஒருவரின் வாட்ஸ்அப் தொடர்பில் கிடைத்தவர் அந்தக் கோஆர்டினேட்டர். சென்னையிலிருந்து இரண்டு பேச்சாளர்கள், ரயில் டிக்கெட், லாட்ஜ், கார் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். 25,000 அட்வான்ஸ், அதுவும் அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு. "சார் ரொம்ப பிஸி, நேரா போன் பண்ணாதீங்க, எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க" என்றார். பெரிய மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். மடத்தனம்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை அவர் அனுப்பியிருந்த இரண்டு பிஎன்ஆர் எண்களையும் சும்மா போட்டுப் பார்த்தேன். ஒன்று கேன்சல் ஆகியிருந்தது. கோஆர்டினேட்டருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். டிக்கெட் கேன்சலான பேச்சாளரின் எண்ணை அவர் வேலை பார்க்கும் இடத்தின் இணையதளத்தில் தேடி எடுத்தேன். இரண்டு நிமிட வேலை, முதல் நாளே செய்திருக்கலாம். "அந்தத் தேதியில் வர முடியாதுன்னு ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டேனே தம்பி" என்றார். கேட்டில் அவர் படத்தோடு பன்னிரண்டடி ஃப்ளெக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. இரவு பதினொரு மணிக்கு ஏணி வைத்து நானும் இன்னொருவனும் கழற்றினோம்.

இரண்டாமவர் வந்தார். அதுதான் இன்னும் கொடுமை. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் வந்து இறங்கியவருக்குக் காரும் இல்லை, அறையும் இல்லை. ஜங்ஷன் வாசலில் பையோடு நின்றிருந்தார். எங்களுக்குப் போன் வந்து, பைக்கை விரட்டிக்கொண்டு போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. திட்டுவார் என்று பயந்தோம். "டீ எங்கப்பா நல்லா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். டிக்கெட் அவரே எடுத்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. காலை அமர்வை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் பேசிச் சமாளித்தார்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தோம். புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் பணம் போன உடனே அழைத்தால்தான் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க வழியுண்டு. நாங்கள் அழைத்தபோது மூன்று வாரம் கடந்திருந்தது.

அவர் கொடுத்த பில்லையும் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி எண் என்றால் எழுத்தும் இலக்கமுமாக 15 இருக்கும், தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். எங்கள் பில்லில் இருந்தது 13. கல்லூரி அலுவலகத்தில் அக்கவுன்ட்ஸ் அம்மா விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பித் தள்ளினார்.

போன 25,000-ஐப் பொறுப்பாளர்கள் ஐந்து பேரும் ஏற்றுக்கொண்டோம், ஆளுக்கு 5,000. நான் இரண்டு தவணை கட்டிவிட்டேன்.