நெட்டார்சுடில் 0.02% கண் சொட்டு மருந்து: வேலை செய்யும் இடம் சரி, சிவப்புக்குத் தயாராக இருங்கள்

கண் பிரஷருக்கு வழக்கமாக எழுதித் தரும் சொட்டு மருந்துகள் பெரும்பாலும் கோளாறு இருக்கும் இடத்தைத் தொடுவதில்லை. டைமோலால் கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கிறது. லாட்டனோப்ரோஸ்ட் அந்த நீரை முக்கியமாக வேறொரு வழியில், கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசையின் இடுக்குகள் வழியே வெளியே விடுகிறது. இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் திறந்த கோண கிளாக்கோமாவில் (பார்வை நரம்பைக் கெடுக்கும் நோயில், நீர் வெளியேறும் மூலை திறந்தே இருக்கும் வகை) பழுதாகிக் கிடப்பது கருவிழியும் (கார்னியா) அதன் பின்னால் உள்ள நிறத் திரையான ஐரிஸும் சேரும் மூலையில் இருக்கிற சல்லடைத் திசு. டாக்டர்கள் அதை டிராபெக்குலர் மெஷ்வொர்க் என்பார்கள். நெட்டார்சுடில் நேராக அந்தத் திசுவில் வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி பெற்ற மருந்து இது.

கண்ணுக்குள் நிமிஷத்துக்குச் சுமார் 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் நீர் ஊறுகிறது. அதில் பெரும்பங்கு இந்தச் சல்லடை வழியாக ஷ்லெம் கால்வாய் என்ற நுண்குழாய்க்குப் போய், அங்கிருந்து ரத்தக் குழாய்களில் கலக்கிறது. கால்வாயை ஒட்டிய கடைசி அடுக்கில்தான் தடை அதிகம். வயதாக ஆக அங்கே செல்கள் குறைகின்றன, புரதக் கசடு சேர்கிறது, திசு விறைத்துவிடுகிறது. நெட்டார்சுடில் ரோ கைனேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. அதனால் செல்களுக்குள் இறுகியிருக்கும் நார்கள் தளர்ந்து, நீர் போக வழி கிடைக்கிறது. கண்ணின் மேற்பரப்பு ரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தமும் கொஞ்சம் குறைகிறது.

பிரஷரை எவ்வளவு குறைக்கும்? அதிகபட்சம் 5 மி.மீ. (பாதரச அளவு) வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆரம்ப பிரஷர் 25-க்குக் கீழே இருந்தால், தினம் இரண்டு வேளை போடும் டைமோலாலுக்கு ஈடாக ராத்திரி ஒரே ஒரு சொட்டு போதும். பிரஷர் அதற்கு மேலே போய்விட்டவர்களுக்கு இது தனியாகத் தாங்காது. ஆகவே லாட்டனோப்ரோஸ்ட் போட்டும் பிரஷர் இறங்காதவர்களுக்கு இரண்டாவது மருந்தாகவும், ஆஸ்துமா இருப்பதால் டைமோலால் போடக் கூடாதவர்களுக்கு மாற்றாகவும் இதைப் பரிந்துரைக்கலாம். விலை டைமோலாலை விடக் கூடுதல். முதல் மருந்தாக இதிலிருந்தே தொடங்கப் பெரும்பாலானோருக்குக் காரணமில்லை.

இனி சிவப்பு. இந்த மருந்தின் பெரிய குறை இதுதான். ஆய்வுகளில் இதைப் போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கண் சிவந்தது. மருந்து ரத்தக் குழாய்களை விரிப்பதால் வருவது அது, தொற்று அல்ல. ஆனால் தர்மபுரிப் பக்கம் சிவந்த கண்ணைப் பார்த்தால் யாரும் முதலில் கேட்பது “மெட்ராஸ் ஐயா?” என்றுதான். அடுத்து மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று எதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் போட்டால், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதே சல்லடைத் திசுவில் கசடைச் சேர்த்து பிரஷரை ஏற்றிவிடும். நெட்டார்சுடில் திறந்துவிடுவதை ஸ்டீராய்டு அடைக்கிறது, கண்ணோ வெள்ளையாகத் தெரிவதால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். தயவுசெய்து லேபிளைப் படித்துப் பாருங்கள். பீளை, வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் இவற்றில் எது சேர்ந்தாலும் அது மருந்துச் சிவப்பு என்று விடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சிலருக்கு வெள்ளை விழியில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் வரும். சிலருக்குக் கருவிழியில் சுழி போன்ற படிவு உண்டாகும். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும், பொதுவாகப் பார்வையைக் கெடுக்காது.

பிரிக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஃப்ரீஸரில் அல்ல. திறந்த பிறகு 25 டிகிரி வரை வெளியே வைத்து 6 வாரம் பயன்படுத்தலாம் என்பது அமெரிக்க லேபிளில் உள்ள விதி. சித்திரை வெயிலில் நம் ஊர் வீட்டுக்குள் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அதனால் திறந்த பாட்டிலும் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருக்கட்டும். பெங்களூரில் வாங்கி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக பஸ்ஸில் கொண்டுவருவதற்குப் பயப்பட வேண்டாம், சில மணி நேர வெப்பத்தில் மருந்து கெடாது. வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். நீங்கள் வாங்கும் மருந்துக் கம்பெனியின் அட்டைப்பெட்டியில் வேறு விதி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதிவிடுங்கள்.

போடும்போது கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் மிச்சம் கன்னத்தில்தான் வழியும். பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை ஒரு நிமிஷமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். வேறு சொட்டு மருந்தும் இருந்தால் நடுவில் 5 நிமிஷ இடைவெளி. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டு, 15 நிமிஷம் கழித்து மாட்டலாம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் ராத்திரி வழக்கம்போல ஒன்றே, இரண்டாகப் போட வேண்டாம்.

வாங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: கோனியோஸ்கோப்பி செய்தாயிற்றா? மரத்துப்போக மருந்து விட்டு, கண்ணாடி உள்ள லென்ஸைக் கண்ணில் வைத்து அந்த மூலையை நேரில் பார்க்கும் சோதனை அது. ஐரிஸே வந்து சல்லடையை மூடியிருந்தால், அதாவது மூடிய கோண வகையாக இருந்தால், நீர் சல்லடைக்கே போய்ச் சேராது. பெரும்பாலும் அதற்கு முதலில் ஐரிஸில் லேசரால் சின்னத் துளை போடுவார்கள். எந்த வகை என்று தெரியாமல் இந்தப் பாட்டிலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.