பன்னிரண்டு ஈஸ்டர், பன்னிரண்டு ஆராதனைத் தாள்கள்

2014-இல் குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை ஆயர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஈஸ்டர் ஆராதனைத் தாளை இந்த வருஷம் நீங்க பாத்துக்குங்க" என்றார். ஆராதனையின் ஒழுங்கும், ஆயரும் சபையும் மாறிமாறிச் சொல்லும் வரிகளும், பாட்டுகளும் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிற தாள் அது. ஒரே வாரம்தான் இருந்தது. அன்று தொடங்கியது, 2025 வரை பன்னிரண்டு ஈஸ்டர்களுக்கு நான்தான் செய்திருக்கிறேன். எங்களுடையது தரங்கம்பாடிக்கும் செம்பனார்கோயிலுக்கும் நடுவில் உள்ள சின்ன சபை. பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களையும் சேர்த்தால் முந்நூறு தாள் வேண்டும். இத்தனை வருஷத்தில் எது கையில் நின்றது, எது நிற்கவில்லை என்பதை, இதே வேலையைப் புதிதாக ஏற்கிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எல்லோரையும் போல நானும் முதலில் அட்டைப்படத்தில்தான் விழுந்தேன். உருட்டிய கல், காலியான கல்லறை, மூன்று சிலுவை, பின்னால் சூரிய உதயம், ஓரத்தில் வெள்ளை லில்லி. இணையத்தில் கிடைக்கிற ஈஸ்டர் படங்களில் பாதி இதுதான். 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதம் 130 கிராம்) வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மல்டிகலரில் அடித்தோம். அச்சகத்திலிருந்து கட்டைப் பிரித்தபோது கண்ணைப் பறித்தது. ஆனால் எங்கள் ஈஸ்டர் ஆராதனை விடியற்காலை நாலரைக்குக் கல்லறைத் தோட்டத்தில் தொடங்கும். சூரியன் வர ஆறு மணி ஆகிவிடும். அதுவரை வெளிச்சம் என்றால் வேப்ப மரத்தில் கட்டிய இரண்டு டியூப்லைட்டும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியும்தான்.

முன்வரிசையில் ஒரு பெரியம்மா இருந்தார். தாளை மேலே தூக்கினார், சாய்த்தார், திருப்பினார். எப்படிப் பிடித்தாலும் டியூப்லைட் அந்த வழவழப்பில் வெள்ளைக் கோடாக அடித்தது. கடைசியில் தாளை மடித்து மடியில் வைத்துவிட்டு, தெரிந்த பாட்டை மட்டும் பாடினார். முடிந்த பிறகு என்னிடம், "பாக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. எழுத்துதான் கண்ணுக்குப் பிடிபடல" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. பண்டிகை நாளில் சபையாரின் பதிலுரைகளைச் சொல்ல முடியாமல் ஒருவரை உட்கார வைத்துவிட்டோம் என்றால், அந்தத் தாள் எவ்வளவு அழகாக இருந்து என்ன?

அடுத்த வருஷமே மேப்லித்தோவுக்கு மாறினேன். பளபளப்பில்லாத சாதாரணக் காகிதம்தான், ஆனால் கண்ணுக்கு இதம். இதில் ஜிஎஸ்எம் பார்த்து வாங்க வேண்டும். 60, 70-இல் பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிகிறது. மெழுகுவர்த்தி பின்னால் இருந்தால் இரண்டு பக்கமும் கலந்தே தெரியும். 80 ஜிஎஸ்எம் போதும், அதற்கு மேல் தேவையில்லை. 80-இல் ஒரு ஏ4 தாள் ஐந்து கிராம். இரண்டு தாள் மடித்த எட்டுப் பக்கப் புத்தகம் பத்தே கிராம், வயதானவர்கள் கையில் பாரமாக இருக்காது. நான் கேட்டு வாங்குவது கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தயாராகும் டிஎன்பிஎல் காகிதம். அது காவிரிக் கரையின் காகிதம் என்பதில் எனக்குத் தனிப் பிரியம். வண்ணத் தாளையும் ஒருமுறை முயன்றோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களுக்கு ஊதா, ஈஸ்டருக்கு மஞ்சள். ஊதாத் தாளில் கருப்பு எழுத்து இரவு ஆராதனையில் அறவே தெரியவில்லை. ஈஸ்டரின் நிறம் வெள்ளை. வெள்ளைத் தாளே அதற்குப் பொருத்தம்.

அடுத்தது எழுத்தின் அளவு. இதில்தான் எனக்கும் சபைக் கமிட்டிக்கும் மூன்று வருஷம் இழுபறி. 11 புள்ளியில் வைத்தால் எட்டுப் பக்கத்தில் அடங்கும். 14 என்றால் பன்னிரண்டு பக்கம். முந்நூறு பிரதிக்கு அறுநூறு தாள் போதும் என்ற இடத்தில் தொள்ளாயிரம் ஆகிறது. ரீமுக்கு ஐந்நூறு தாள். கணக்கு உடனே பொருளாளர் கண்ணில் படும்.

ஒரு கூட்டத்தில் நான் தரங்கம்பாடிக் கதையைச் சொன்னேன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கிய இடம் எங்களுக்குப் பேருந்தில் அரை மணி நேரம். 1712-இல் அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்தன. அந்த எழுத்துகள் ரொம்பப் பெரியவை. காகிதமோ தட்டுப்பாடு. அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். பொறையாறில் காகிதப் பட்டறைகூட அமைத்தார்கள். நாம் இன்று பேசுகிற அதே பிரச்சினை, முந்நூறு வருஷத்துக்கு முன்னால், இதே மண்ணில். பொருளாளர் உடனே, "அவங்களே எழுத்தைச் சின்னதாத்தானே ஆக்குனாங்க?" என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். அவர்களிடம் காகிதம் இல்லை ஐயா, நம்மிடம் இருக்கிறது என்றேன். 14 புள்ளி அன்று முடிவாயிற்று. இன்றுவரை அதில் நான் இறங்கவில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். 14 என்பது எல்லா எழுத்துருவிலும் ஒரே அளவாக இருக்காது. ஒன்றில் பெரிதாகத் தெரிவது இன்னொன்றில் ஒடுங்கித் தெரியும். அச்செடுத்து, கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் பயன்படுத்திப் பார்த்தவற்றில் நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் மூன்றும் நன்றாக இருந்தன, மூன்றும் இலவசம். கோடு மெலிந்த அலங்கார எழுத்துருக்கள் ஜெராக்ஸ் எடுத்தால் அங்கங்கே அறுந்துபோகின்றன. இதற்கு நேர்மாறான தொல்லை தடித்த எழுத்தில். சபையார் சொல்ல வேண்டிய வரிகளையெல்லாம் நாலு வருஷம் தடித்த எழுத்தில் கொடுத்தேன். ண, ணை, ஞ, ஐ போன்றவற்றின் சுழி உள்ளே மை அடைத்து, எது எந்த எழுத்து என்றே தெரியவில்லை. இப்போது "ஆயர்:", "சபை:" என்ற தலைச்சொல் மட்டும் தடிப்பு. சபையின் வரி சாதாரண எழுத்தில், கொஞ்சம் உள்தள்ளி. இருட்டிலும் கண் தானாக அங்கே போகிறது.

இரண்டு ஓரமும் சமமாக நிற்கும்படி வரிகளை அமைக்கவும் கூடாது. தமிழில் "உயிர்த்தெழுந்தவராகிய" மாதிரி சொற்கள் வரும். ஏ4-ஐ மடித்த ஏ5 அகலத்தில் 14 புள்ளியில் அது பாதி வரியை எடுத்துக்கொள்ளும். மீதிச் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

2017-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் யூனிகோடில் அடித்து வேர்ட் கோப்பாகக் கொடுத்தேன். அச்சகத்தில் இருந்தது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதில் யூனிகோட் வேலை செய்யாது. ஆகவே பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள். மாற்றியதில் கொம்பெல்லாம் இடம் மாறிவிட்டது. புரூஃப் பார்க்க நேரமில்லாமல் பெரிய வெள்ளி சாயங்காலம் கட்டை வாங்கிப் பிரித்தால், முகப்பிலேயே "உயிர்தெத்ழுந்தார்". பண்டிகையின் அந்த ஒரே சொல்! சனிக்கிழமை முழுக்க வாலிபர்கள் உட்கார்ந்து முந்நூறு பிரதியிலும் முகப்பில் வெள்ளைச் சீட்டு ஒட்டினார்கள். அதற்குப் பிறகு எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் மட்டும்தான் கொடுக்கிறேன். புரூஃபைக் காகிதத்தில் அச்செடுத்து, சத்தம் போட்டு வாசித்துப் பார்க்கிறோம். வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் இன்னொருவர்.

எழுத்தைவிடவும் முக்கியம் என்று நான் இப்போது நினைப்பது பக்கம் திரும்பும் இடம். சங்கீதம் 118-ஐ ஆயரும் சபையும் மாறிமாறி வாசிக்கும்போது நடுவில் பக்கம் திரும்பினால், முந்நூறு தாளும் ஒரே நேரத்தில் சரசரக்கும், பதில் வரி பாதியில் செத்துவிடும். "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்" என்று ஆயர் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சபை முழங்க வேண்டிய இடம் ஒருமுறை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. முழக்கம் வரவில்லை, முணுமுணுப்புத்தான் வந்தது. அன்றிலிருந்து பக்கப் பிரிப்பைத்தான் முதலில் போடுகிறேன். ஒரு வெள்ளைத் தாளை மடித்து, எந்தப் பக்கத்தில் என்ன என்று பென்சிலில் குறித்துக்கொண்ட பிறகுதான் கணினியைத் திறப்பேன். உட்கார்ந்து செய்யும் வாசிப்பு, பிரசங்கம் போன்றவற்றின் முடிவில் பக்கம் திரும்பினால் யாருக்கும் தெரியாது. ஏ4-ஐ மடித்தால் நான்கு பக்கம். ஆகவே மொத்தம் எட்டு, பன்னிரண்டு என்றுதான் வரும். ஒன்பதாவது பக்கத்துக்கு விஷயம் இருந்தால் எதையாவது குறைக்க வேண்டும், இல்லை பாட்டை முழுமையாகக் கொடுக்க வேண்டும்.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பு எண் மட்டும் போடுவார்கள். எல்லோர் கையிலும் ஞானப்பாட்டுப் புத்தகம் இருக்கும். இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் கொண்டுவருவதில்லை. எண்ணையும் போட்டு வரிகளையும் கொடுக்கிறேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனை என்றால், ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவியின் முதல் சொல்லைச் சேர்த்து அச்சிட வேண்டும். அது இல்லாவிட்டால் புதியவர்கள் சரணத்தின் முடிவில் திகைத்து நிற்பார்கள். இப்போது எழுதுகிறவர்களின் பாடல் என்றால் அனுமதி கேட்டுவிடுவது மரியாதை.

2019-ஐ மறக்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வேதாரண்யம் பக்கம் தென்னையெல்லாம் சாய்ந்ததற்கு அடுத்த வருஷம். அந்த முறை இணையப் படத்தை விட்டுவிட்டு, எங்கள் சபையில் பத்தாவது படிக்கும் ஒரு பெண் வரைந்த கோட்டோவியத்தை முகப்பில் வைத்தோம். விழுந்து கிடக்கும் தென்னை, அதன் பக்கத்தில் முளைவிட்ட ஒரு தேங்காய். கருப்பு மை மட்டும். பன்னிரண்டு வருஷத்தில் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்ட முகப்பு அது ஒன்றுதான். வேதாரண்யத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் கேட்டு நாலு பிரதி வாங்கிப் போனது. மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு அந்த வருஷம் பெரிய வியாழனன்றே, ஏப்ரல் 18. அச்சகங்களில் மூச்சுவிட இடமில்லை. 2021-இலும் அதே கதை. ஈஸ்டர் ஏப்ரல் 4, சட்டமன்ற வாக்குப்பதிவு ஏப்ரல் 6. தேர்தல் வருஷமென்றால் லெந்து தொடங்கும்போதே அச்சகத்தில் தேதி வாங்கிவிடுங்கள்.

அதே 2019 ஈஸ்டரில், ஏப்ரல் 21, இரண்டாம் ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது இலங்கையில் தேவாலயங்களில் குண்டு வெடித்த செய்தி வந்தது. நாகப்பட்டினக் கடலுக்கு அந்தப் பக்கம், நம்மைப் போலவே ஈஸ்டர் பாடிக்கொண்டிருந்தவர்கள். ஆயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு ஜெபித்தார். என் கையிலிருந்த தாளில் அந்த ஜெபத்துக்கு இடமே இல்லை. ஒவ்வோர் அங்குலமும் அச்சால் நிரம்பியிருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து "சபையின் விண்ணப்பங்கள்" என்ற தலைப்பின் கீழ் நாலு வெற்றுக் கோடு விடுகிறேன். சிலர் அதில் பெயர் எழுதிக் காணிக்கைப் பையில் போடுகிறார்கள். ஆயர் திங்கட்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிக்கிறார். இந்த நாலு கோட்டை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

2020-இல் ஊரடங்கு. ஏ5 பிடிஎஃப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனில் விரித்து நகர்த்தி வாசிக்க யாராலும் முடியவில்லை. அதற்குப் பிறகு போன் திரை அளவுக்கே தனிக் கோப்பு ஒன்று செய்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஆறேழு வரிதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்றும் அதுதான் போகிறது. ஆனால் அச்சுத் தாளை நிறுத்தவில்லை. கல்லறைத் தோட்டத்தில் போன் வெளிச்சத்தில் முகங்கள் தனித்தனியாகத் தெரிவதைப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை.

பின்னடிக்க ஒரு கைப்பக்குவம் உண்டு. சாதாரண ஸ்டேப்ளர் ஏ5 மடிப்பின் நடுவுக்கு எட்டாது. அதை முழுக்கத் திறந்து, தாளை ஒரு தெர்மோகோல் துண்டின் மேல் விரித்து நடுவில் குத்தி, பின்பக்கம் ஊசியைக் கையால் மடக்கினால் போதும். மடிப்பைச் சில்வர் டம்ளரின் விளிம்பால் அழுத்தித் தேய்த்தால் நன்றாகப் படியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆலய வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை.

உபயம் செய்தவர்களின் பெயர் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி. கடை விளம்பரம் வேண்டாம் என்பது என் பிடிவாதம்.

ஆராதனை முடிந்ததும் பெஞ்சுகளில் விட்டுப்போன தாள்களை நான்தான் பொறுக்குகிறேன். ஆர்ட் பேப்பர் வருஷத்தில் மாட்டுத்தாவணிக் கூட்டம் கலைந்த மாதிரி கிடந்தன. 2025-இல், ஏப்ரல் 20, ஒரு கைப்பிடிதான் மிஞ்சியது. அந்தப் பெரியம்மா இப்போது இல்லை. அவருடைய மகள் அம்மாவின் வேதாகமத்தைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே 2016-இலிருந்து வந்த எங்கள் தாள்கள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன, பாட்டு வரிகளுக்குக் கீழே பென்சில் கோடுகளோடு.