சக்கர நாற்காலிக்கு ஏற்ற வேதியியல் ஆய்வக மேசை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவருக்காக, கைப்பிடியைச் சுற்றி உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மேசை ஒன்றையும் அதனருகே, அமிலம் பட்டால் உடனே உடலைக் கழுவ உதவும் அவசர ஷவர் ஒன்றையும் சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு தனியார் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. ஆய்வகப் பொறுப்பாசிரியராக இரண்டையும் நாள்தோறும் பார்த்து வருகிறேன்.

மேசையில் எனக்கு முழு மனநிறைவு. நின்று வேலை செய்யும் வழக்கமான மேடை ஏறத்தாழ 36 அங்குல உயரம் இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரநிலைகளோ மேசைப்பரப்பு 28 முதல் 34 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், முழங்கால் நுழையத் தரையிலிருந்து 27 அங்குலமாவது இடம் வேண்டும் என்றும் சொல்கின்றன. இம்மேசை இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆயினும் நான் பெரிதும் மதிப்பது அதன் விளிம்பில் விரற்கடை அளவுக்கு உயர்த்திய வரம்பைத்தான். நிற்பவர் சட்டென விலகிக்கொள்வார், அமர்ந்திருப்பவருக்கோ சிந்திய அமிலம் நேரே மடியில் விழும். வரம்பு இருந்தும் ரப்பர் மேலங்கி இல்லாமல் அந்த மாணவி சோதனை செய்ய நான் விடுவதில்லை.

கரைசலை அளந்து சொட்டுச் சொட்டாக விடும் நீண்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டை நிரப்புவதுதான் சிக்கல். தாங்கியில் மாட்டியபடியே ஊற்றினால் புனல் அவருடைய கண்மட்டத்துக்கு மேலே போய்விடுகிறது. ஆகவே பியூரெட்டைக் கழற்றி, நீர்த்தொட்டிக்கு மேல் தாழ்த்திப் பிடித்து நிரப்பப் பழக்கினோம். தாழ்வான தாங்கி ஒன்றையும் சேர்த்தே தந்திருக்கலாம்.

பெருங்குறை ஷவரில் இருந்தது. பாதுகாப்புப் பயிற்சியன்று மாணவி கையை முழுவதும் நீட்டியும், இழுக்கும் வளையம் விரல்நுனிக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. தரநிலைப்படியே பொருத்தியிருப்பதாக நிறுவனத்தார் கூறினர். அவசர ஷவர்களுக்கான அமெரிக்கத் தரநிலை கைப்பிடி 69 அங்குலம் வரை இருக்க இடம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் அணுகல் தரநிலை, சக்கர நாற்காலியில் இருப்பவரின் கை எட்டும் உச்ச வரம்பாக 48 அங்குலத்தையே வைத்திருக்கிறது. உடலில் அமிலம் பட்டவர் வேறொருவர் ஓடிவந்து வளையத்தை இழுக்கும்வரை காத்திருப்பதை எந்த ஆசிரியரும் ஏற்க முடியாது.

மூன்று முறை கடிதம் எழுதிய பிறகு சங்கிலியை 44 அங்குல உயரத்துக்கு நீட்டித் தந்தனர். மாணவியே வளையத்தை இழுத்து, தண்ணீர் கொட்டியதைப் பார்த்த பின்னரே பணி நிறைவுச் சான்றில் கையொப்பமிட்டேன்.