பயிற்சிக்கூடமா, பனியன் கம்பெனியா?

மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு தேறி வரும் பையனையோ பெண்ணையோ எங்கே அனுப்புவது: இவர்களுக்கான தொழிற்பயிற்சிக் கூடத்துக்கா, பனியன் கம்பெனி வேலைக்கா? திருப்பூர், அவிநாசிப் பக்கத்தில் இந்தத் தவிப்போடு இருக்கும் பெற்றோருக்காக இது.

வருமானம்
கூடம்: பெரும்பாலும் சிறு ஊக்கத்தொகைதான்.
கம்பெனி: பிசிறு வெட்டினாலும் மடித்து அடுக்கினாலும் சனிக்கிழமை சம்பளம்.

நேரம்
கூடம்: பகல் மட்டும்.
கம்பெனி: ஒன்றரை ஷிப்ட் கேட்பார்கள். ஆபத்து இங்கேதான். இரவு மாத்திரை தள்ளிப்போகும், தூக்கம் கெடும், நோய் திரும்பும். சேரும்போதே ஒரு ஷிப்ட் மட்டும் என்று பேசிவிடுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கும் லீவு கேட்டு வையுங்கள்.

துணை
கூடம்: பயிற்றுநர் இருப்பார்.
கம்பெனி: நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் சில வாரம் உடன் நிற்க ஒருவர், அப்புறம் லைனிலேயே பொறுமையான ஓர் அக்கா.

முதலில் வேலை, கூடவே துணை என்ற முறை 1990களில் அமெரிக்காவில் வளர்ந்தது. பயிற்சி முடித்துவிட்டு வேலை தேடுவதைவிட இதில் அதிகம் பேர் வேலையில் சேர்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "முழுசா குணமாகட்டும்" என்று வருடக்கணக்கில் வீட்டிலேயே வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டமும் சத்தமும் இன்னும் மிரட்டினால், கூடம். வேலைக்குப் போகிறேன் என்று அவர்களே கேட்டால், கம்பெனி, ஒரு ஷிப்ட்.

எதுவானாலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 2016 உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் உண்டு. அரசு வேலையின் 4 சதவீத ஒதுக்கீட்டிலும் அவர்களுக்கு இடமிருக்கிறது.